அடைக்கலப் பொருளும் அடமான வரிசையும்

கடன் பெற்ற ஒருவர் நொடித்துப்போனார் என்னும் செய்தி ஊரில் பரவியதும் எழும் முதற் கேள்வி, "யாருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொல்லிக்கொண்டு, புரோநோட்டு வைத்திருப்பவர் ஒரு பக்கமும், வீட்டுப் பத்திரத்தை ஈடாக வாங்கி வைத்திருப்பவர் மறுபக்கமும் வழக்கறிஞரை நாடி விரைகின்றனர். கைமாற்றாகக் கொடுத்தவரோ எழுத்து எதுவும் இன்றித் திகைத்து நிற்கிறார். யார் முன், யார் பின் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்; இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர்.

ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின், இவ்வரிசையின் அடியில் இரண்டு அறங்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம். "இந்த நிலம் உன் கடனுக்கு ஈடு" என்று கொடுத்த வாக்கைக் காப்பது ஓர் அறம். பொருள் போதாத காலத்தில் உள்ளதை அனைவரும் பகிர்ந்துகொள்வது மற்றோர் அறம். முதலாவதை முற்றும் காத்தால், ஈடு பெற்ற ஒருவர் முழுத் தொகையும் பெற, ஏனையோர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். இரண்டாவதை முற்றும் காத்தால், கொடுத்த வாக்கு பொருளற்றதாகிவிடும். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது? இவ்விடயத்தில் பிறர் பொருட்டுச் சொத்தைக் காக்கும் டிரஸ்டி என்னும் அறங்காவலருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நொடிப்பு என்பது யாது?

கடன் பெற்றவர் நல்ல நிலையில் உள்ளவரை, ஒவ்வொரு கடன் கொடுத்தவரும் தத்தம் தொகையைத் தனித்தனியே கேட்டுப் பெறலாம். ஒருவர் பெறுவதால் மற்றவருக்குக் குறைவு நேர்வதில்லை. நொடித்துப்போன கணத்தில் இந்நிலை மாறிவிடுகிறது. அதன்பின் ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் இழக்கும் ரூபாயே. ஆகவேதான், முந்தி ஓடியவர் முழுவதையும் வாரிக்கொள்ளாதபடி, சொத்தனைத்தையும் பொதுவான ஒருவர் கையில் ஒப்படைத்து, வரிசைப்படி பகிர்ந்தளிக்கும் முறை தோன்றியது.

சென்னை நகரம் இதனைக் கண்ணீரோடு கற்றது. 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையின் பெரும் ஆங்கில வணிக நிறுவனங்களுள் ஒன்றான ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதனை நம்பித் தம் சேமிப்பை வைத்திருந்த அலுவலர், ஓய்வூதியர், கைம்பெண்டிர், சிறு நிலக்கிழார் எனப் பல ஆயிரம் குடும்பங்கள் நிலைகுலைந்தன. நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இவ்வீழ்ச்சியின் விளைவாகவே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கான நொடிப்புச் சட்டம் 1909 இல் புதிதாக இயற்றப்பட்டது. ஏனைய ஊர்களுக்கு 1920 இல் மற்றொரு சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கென 2016 இல் நொடிப்பு மற்றும் திவால் நெறித்தொகுப்பு இயற்றப்பட்டது.

அவருடையது அல்லாதது

யாருக்கு முதலில் என்று கேட்குமுன், கேட்கவேண்டிய வேறு வினா ஒன்று உண்டு. நொடித்தவர் கையில் இருப்பவற்றுள் உண்மையில் அவருடையது எது?

அண்ணன் இறந்தபின் அவர் பிள்ளைகளுக்காகத் தம் பெயரில் ஒருவர் வைப்புத்தொகை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் வணிகத்தில் நொடித்தால், அத்தொகையைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே சட்டத்தின் தெளிவான விடை. நொடித்தவர் பிறர் பொருட்டு நம்பிக்கையில் வைத்திருக்கும் சொத்து, கடன் கொடுத்தவர்களிடையே பங்கிடத்தக்கது அன்று என்று 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கூறியது. 2016 ஆம் ஆண்டு நெறித்தொகுப்பின் 36 ஆம் பிரிவும் அவ்வாறே விலக்கியது. தொழிலாளரின் வருங்கால வைப்புநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து அவர்களுக்குச் சேரவேண்டிய தொகையையும் அப்பிரிவு அவ்வாறே புறத்தே நிறுத்தியது.

இதன் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வரிசையில் முதல் இடத்தில் நிற்கவில்லை. அவர்கள் வரிசையிலேயே இல்லை. கடன் கொடுத்தவர் கேட்பது நொடித்தவரின் பொருளை. பிள்ளைகள் கேட்பதோ தம் பொருளை.

அடைக்கலப் பணத்தைத் தம் பணத்தோடு கலந்துவிட்டால் என் செய்வது? 1880 இல் இங்கிலாந்தில் ஹாலட் என்பவரின் சொத்து பற்றிய வழக்கு இதனை ஆராய்ந்தது. வழக்கறிஞராகிய அவர், பிறர் பொருட்டு வைத்திருந்த பணத்தைத் தம் வங்கிக் கணக்கிலேயே போட்டுக் கலந்துவிட்டு, அவ்வப்போது எடுத்துச் செலவும் செய்தார். அவர் இறந்தபின் எஞ்சியது யாருடையது என்னும் கேள்வி எழுந்தது. மனிதன் நேர்மையாகவே நடந்தான் என்று கொள்ளவேண்டும். ஆகவே அவர் செலவழித்தது தம் பணம், எஞ்சியிருப்பது அடைக்கலப் பணம் என நீதிமன்றம் முடிவு செய்தது. இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், அதாவது 1882 ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டமும், அவ்வாறு கலந்தால் பயனாளிக்கு அக்கலப்பு முழுவதன் மீதும் உரிமை உண்டு என 66 ஆம் பிரிவில் வகுத்தது.

முன் வந்தவருக்கு முன்னுரிமை ஏன்?

இனி, நொடித்தவருடைய சொத்துக்கு வருவோம். அதில் ஒரு பகுதி அடமானத்துக்கு உட்பட்டிருக்கும். சாதா அடமானம், போக்கியம், நிபந்தனைக் கிரயம், மூலப் பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் ஈடு எனப் பலவகை அடமானங்களை 1882 ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் வகுத்துள்ளது. ஒரே சொத்தின்மீது பலருக்கு உரிமை உண்டாக்கினால், காலத்தால் முந்தியவருக்கே முதலிடம் என்பது அதன் 48 ஆம் பிரிவு. 2006 இல் சிட்கோ லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கலைக்கப்படும்போதும் முதல் ஈடு பெற்றவருக்கும் இரண்டாம் ஈடு பெற்றவருக்கும் இடையே உள்ள இவ்வரிசை அழிவதில்லை என்று கூறியது.

முந்தி வந்ததில் என்ன சிறப்பு? நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் கொடுத்தது பணமே அன்றோ? இதற்கு நாம் காணும் விடை இது. முதலில் வந்தவர் ஈடு கேட்டார். ஈடு இருந்ததால் குறைந்த வட்டிக்குக் கொடுத்தார். இரண்டாமவர் வரும்போது முதல் ஈடு ஏற்கனவே நின்றது. அதனை அறிந்தே அவர் எஞ்சிய மதிப்பை நம்பிக் கொடுத்தார். ஈடின்றிக் கொடுத்தவரும், இவருடைய நிலம் அடமானத்தில் இருக்கிறது என்பதை அறிந்திருக்கலாம். ஆகவே முதலாமவர் முழுத் தொகையும் பெறும்போது, பின்னவர் எவரையும் அவர் ஏமாற்றவில்லை. அனைவரும் கண் திறந்து செய்த ஏற்பாடே நிறைவேறுகிறது.

இவ்விடையின் உயிர்நாடி, "அறிந்தே" என்னும் சொல்லில் உள்ளது. பின்னவர் அறிந்திருந்தார், அல்லது விசாரித்தால் அறிந்திருக்கக் கூடும் என்பதே முன்னவரின் உரிமைக்கு அறவலிமை தருகிறது. சார்பதிவாளர் அலுவலகமும் வில்லங்கச் சான்றும் இதற்காகவே ஏற்பட்டவை. மூலப் பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் எழுத்தும் பதிவும் இன்றியே நிகழக்கூடியதாக இருந்தமையால், வில்லங்கச் சான்றில் தோன்றாமலே முன்னுரிமை பெற்றுவந்தது. இக்குறையை நீக்கவே ஈடுகளுக்கான மையப் பதிவகம் 2011 இல் செயற்படத் தொடங்கியது. அங்குப் பதிவு செய்யாத ஈட்டைக் கொண்டு வங்கிகள் 2002 ஆம் ஆண்டு ஈட்டுறுதிச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க இயலாது என்னும் விதி 2020 ஜனவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது.

முதலிடம் இழக்கும் இடங்கள்

முன்னுரிமைக்கு அடிப்படை வெளிப்படையான உண்மை என்றால், உண்மை தவறும் இடத்தில் முன்னுரிமையும் தவறவேண்டும் அன்றோ? சட்டம் அவ்வாறே செல்வதைக் காண்கிறோம்.

மூலப் பத்திரத்தை ஈடாகப் பெற்ற ஒருவர், கடன் பெற்றவர் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கேட்டதும், விசாரியாமல் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்று கொள்வோம். கடன் பெற்றவர் அப்பத்திரத்தைக் காட்டி, வில்லங்கம் இல்லை என்று சொல்லி, வேறொருவரிடம் கடன் வாங்குகிறார். முதலாமவரின் வஞ்சனையாலோ, பொய்யுரையாலோ, பெரும் கவனக்குறைவாலோ இரண்டாமவர் பணம் கொடுக்கத் தூண்டப்பட்டிருந்தால், முதலாமவர் பின்னுக்குத் தள்ளப்படுவார் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 78 ஆம் பிரிவு. தாம் பொய் சொல்லாவிடினும், பிறர் பொய் சொல்லக் கருவியைக் கையில் கொடுத்தமையே அவர் குற்றம்.

1828 இல் இங்கிலாந்தில் முடிந்த டியர்ல் – ஹால் வழக்கும் இவ்வகையே. பிரவுன் என்பவருக்குத் தந்தையின் உயிலின்படி, பொறுப்பாளர்கள் மூலம் ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைத்துவந்தது. அவர் அவ்வருவாயை 1808 இலும் 1809 இலும் இருவருக்கு எழுதிக் கொடுத்துப் பணம் பெற்றார். அவ்விருவரும் பொறுப்பாளர்களுக்கு அதனைத் தெரிவிக்கவில்லை. 1812 இல் அதே வருவாயை ஹால் என்பவருக்கு விற்றார். ஹால் முன்கூட்டியே பொறுப்பாளர்களிடம் விசாரித்து, வில்லங்கம் இல்லை என்று அறிந்து வாங்கி, வாங்கியதையும் அவர்களுக்கு அறிவித்தார். காலத்தால் பிந்திய ஹாலுக்கே முதலிடம் கிடைத்தது. முன்னவர்கள் வாய் திறந்திருந்தால் மூன்றாமவர் ஏமாந்திருக்கமாட்டார் என்பதே காரணம்.

முதலிடத்தார் கையும் அறங்காவலர் கையே

முதலிடம் பெற்றவர் தம் விருப்பம்போல் நடந்துகொள்ளலாமா? சட்டம் அவருக்கும் இரண்டு கட்டுகளை இட்டுள்ளது, இரண்டும் அறத்தின்பாற்பட்டவை.

ஒன்று, இரண்டு சொத்துகளை ஈடாகப் பெற்றவர் பற்றியது. ஒருவருக்கு ரூ. 6 இலட்சம் மதிப்புள்ள நிலமும், ரூ. 4 இலட்சம் மதிப்புள்ள வீடும் உள்ளன. முதலாமவருக்கு ரூ. 5 இலட்சம் கடனுக்கு இரண்டையும் ஈடாகக் கொடுத்தார். பின்னர் இரண்டாமவருக்கு ரூ. 3 இலட்சம் கடனுக்கு வீட்டை மட்டும் ஈடாகக் கொடுத்தார். முதலாமவர் வீட்டை முதலில் விற்று ரூ. 4 இலட்சம் எடுத்துக்கொண்டு, மீதி ரூ. 1 இலட்சத்தை நிலத்திலிருந்து எடுத்தால், இரண்டாமவருக்கு ஈடே இல்லாமல் போய்விடும். நிலத்திலிருந்தே ரூ. 5 இலட்சத்தையும் பெற்றுக்கொண்டால், இரண்டாமவருக்கு வீட்டிலிருந்து ரூ. 3 இலட்சம் முழுமையாகக் கிடைக்கும். முதலாமவருக்கு ஒரு காசும் குறைவதில்லை. தமக்குத் தீங்கில்லாத அளவில், பின்னவருக்கு வழிவிட்டே முதலாமவர் பெறவேண்டும் என்று கேட்கும் உரிமையை 81 ஆம் பிரிவு இரண்டாமவருக்கு வழங்கியது. தனக்குக் குறைவின்றிப் பிறர் துன்பத்தைத் தவிர்க்க இயலுமானால் தவிர்த்தே ஆகவேண்டும் என்னும் அறம் இங்கே சட்டமாகி நிற்கிறது.

மற்றொன்று, விற்ற பணம் பற்றியது. அடமானம் பெற்றவர் தாமே சொத்தை விற்கும் அதிகாரம் உடையவராயின், விற்று வந்த பணத்தை அவர் நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறார் என்கிறது 69 ஆம் பிரிவு. செலவு, கடன் என்னும் முறையில் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உரியவரிடம் சேர்க்கவேண்டும். வங்கிகளுக்கான 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. தமக்குரிய தொகை போக மீந்ததைப் பொறுத்தவரை, நேற்றுவரை கடன் கொடுத்தவராக இருந்தவர் இன்று அறங்காவலராகிவிடுகிறார்.

அறங்காவலரின் அதிகாரம்

அறங்காவலருக்குப் பெரும் அதிகாரங்கள் உண்டு. சொத்து அவர் பெயரில் நிற்கும், அவரே கையெழுத்திடுவார், அவரே வழக்காடுவார். ஆயினும் அவ்வதிகாரத்தில் ஓர் இம்மியும் அவர் பொருட்டு அன்று.

1726 இல் இங்கிலாந்தில் கீச் – சான்ட்போர்டு வழக்கில் இது கடுமையாக நிலைநாட்டப்பட்டது. ஒரு சிறுவனுக்காக ரோம்போர்டுச் சந்தையின் குத்தகையை ஒருவர் பொறுப்பில் வைத்திருந்தார். தவணை முடியுமுன், சிறுவனுக்குக் குத்தகையைப் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்துவிட்டார். பின் பொறுப்பாளர் தமக்கென்றே அதனைப் பெற்றார். அவர் வஞ்சித்தார் என்று எவரும் சொல்லவில்லை. சிறுவனுக்கு எவ்வாறும் கிடைக்காத குத்தகைதான் அது. ஆயினும் அது சிறுவனுக்கே உரியது என்றது நீதிமன்றம். பொறுப்பாளர் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்ற வழி திறந்தால், புதுப்பித்துத் தருமாறு உரிமையாளரை உண்மையாக வற்புறுத்தும் பொறுப்பாளர் எவர்? நம் 1882 ஆம் ஆண்டுச் சட்டமும், விற்கும் பொறுப்புடையவர் அச்சொத்தை நேராகவோ பிறர் மூலமாகவோ தாமே வாங்கக் கூடாது என்று 52 ஆம் பிரிவில் கூறியது.

பிறர் சொத்தை அடமானம் வைக்கும் அதிகாரம் பற்றி 1856 இல் பிரிவி கவுன்சில் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் வகுத்த விதி, நம் நாட்டில் இன்றும் போற்றப்படுவது. சிறுவனின் சொத்தை நிர்வகிப்பவர், அச்சொத்தின் தேவைக்காகவோ நன்மைக்காகவோ மட்டுமே அதனை ஈடு வைக்கலாம். கடன் கொடுப்பவரும் அத்தேவையை விசாரித்தறியக் கடமைப்பட்டவர். நேர்மையாக விசாரித்து நம்பிக் கொடுத்திருந்தால் அவர் காக்கப்படுவார். பின்னர் இவ்விதி கோயில் சொத்து நிர்வாகிகளுக்கும் பொருந்துமாறு விரிந்தது. 1882 ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் சமய, அறநிலையங்களுக்கு நேரடியாகப் பொருந்தாவிடினும், அவற்றின் பொறுப்பாளர்களும் இக்கொள்கையிலிருந்து தப்புவதில்லை. தமிழ்நாட்டு அறநிலையச் சட்டம், 1959 இன் 34 ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதல் இன்றிச் செய்யும் விற்பனை, அடமானம், பரிவர்த்தனை, 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை செல்லாதவை என்று வகுத்தது.

நொடித்தவரின் சொத்தை ஏற்று நடத்தும் அலுவலரும் கடன் கொடுத்தவர் அனைவருக்கும் ஓர் அறங்காவலரே. அவர் சட்டம் அனுமதிப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா? 1874 இல் ஜேம்ஸ் என்பவர் தொடுத்த வழக்கு இதற்கு அரிய விடை தந்தது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒருவர், தமக்கே உரிய பணத்தைத் திவால் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டார். சட்டத்தை அறியாமல் கொடுத்ததைத் திரும்பக் கேட்க இயலாது என்பது அக்காலப் பொதுவிதி. ஆயினும், பொறுப்பாளர் நீதிமன்றத்தின் அலுவலர்; நேர்மையான மனிதர் எவ்வாறு நடப்பாரோ அவ்வாறு நடந்து அவர் உலகுக்கு வழிகாட்ட வேண்டும் என்று கூறி, பணத்தைத் திருப்பித் தருமாறு நீதிபதிகள் ஆணையிட்டனர். பிறர் பொருட்டு ஈட்டுகிறோம் என்பதால் நேர்மையற்று ஈட்டலாம் ஆகாது. நம் சங்கங்களிலும் அறக்கட்டளைகளிலும் பொறுப்பில் இருப்போர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய தீர்ப்பு இது. "எனக்காகவா கேட்டேன்? தருமத்துக்காகத்தானே!" என்னும் சொல், தவறான வழியைத் தூய்மையாக்கிவிடாது.

ஒரு பெரும் வழக்கு

இவ்விரு பொருள்களும் ஒன்றாய்ப் பிணைந்த அண்மைக்கால வழக்கு ஒன்றைக் காண்போம். நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச் சாலையை அமைத்த ஜேப்பி இன்ஃப்ராடெக் கம்பெனி, வீடுகள் கட்டித் தருவதாகவும் மக்களிடம் பணம் பெற்றிருந்தது. 20,000 க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தன. 2017 ஆகஸ்டில் அக்கம்பெனி மீது நொடிப்பு நடவடிக்கை தொடங்கியது. அப்போது வெளிப்பட்ட செய்தி இது: அக்கம்பெனி தன் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை, தான் பெற்ற கடனுக்காக அன்றித் தன் தாய்க் கம்பெனி பெற்ற கடன்களுக்காக வங்கிகளிடம் அடமானம் வைத்திருந்தது.

வங்கிகள் முறையாகவே அடமானம் பெற்றிருந்தன, பதிவும் இருந்தது. ஆயினும் 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் குறித்த காலத்துக்குள் செய்யப்பட்ட அவ்வடமானங்கள் முறையற்ற சலுகையே என்று தீர்த்தது. நொடிப்பின் விளிம்பில் நின்ற கம்பெனி, தாய்க் கம்பெனிக்கு நன்மை செய்யத் தன் நிலத்தைக் கொடுத்ததால், தன்னை நம்பியவர்களுக்குரிய பொருளைக் குறைத்துவிட்டது. வரிசையில் பின்னால் நிற்கவேண்டிய தாய்க் கம்பெனி, அவ்வழியே முன்னால் வந்துவிட்டது. நெறித்தொகுப்பின் 43 ஆம் பிரிவு, உறவுடையோர்க்குச் செய்த சலுகைகளை 2 ஆண்டுகள் வரையும், பிறர்க்குச் செய்தவற்றை 1 ஆண்டு வரையும் பின்னோக்கிப் பார்த்து நீக்க வழிசெய்தது.

உறவுடையோர்க்கு மட்டும் நீண்ட காலம் ஏன் என்பதை நாம் எளிதில் உணரலாம். வீடு எரியப்போவதை முதலில் அறிபவர் வீட்டுக்குள் இருப்பவரே. வரப்போகும் வீழ்ச்சியை முன்னறிந்து, மைத்துனர் பெயருக்கோ மருமகன் பெயருக்கோ ஈட்டுப் பத்திரம் எழுதிவைப்பது சிற்றூர்களிலும் காணாததன்று. கம்பெனி பெரிதாயினும் கடை சிறிதாயினும் செயலின் தன்மை ஒன்றே.

வரிசையில் பின்னால் நிற்போர்

இவ்வளவும் கூறியபின், கூலியாளரையும் கைமாற்றுக் கொடுத்தவரையும் மறத்தல் தகாது. பின்னவர் அறிந்தே கொடுத்தார் என்று மேலே கூறினோம். தொழிலாளி அவ்வாறு அறிந்து, ஆராய்ந்து, வட்டி கூட்டிக் கொடுத்தவர் அல்லர். அவர் உழைப்பைக் கொடுத்தார். மாதக் கடைசியில் கூலி வரும் என்று நம்பினார். முதலாளியின் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு வேலைக்குச் சேர்பவர் உண்டோ? ஆகவே அறிவிப்பு என்னும் நியாயம் அவரை எட்டுவதில்லை.

சட்டம் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. 1985 இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தம், தொழிலாளர் நிலுவையை ஈடு பெற்றவர்களோடு சமமாக நிறுத்தியது. 2016 ஆம் ஆண்டு நெறித்தொகுப்பின் 53 ஆம் பிரிவு, நடவடிக்கைச் செலவுக்கு அடுத்தபடியாக, தொழிலாளரின் 24 மாத நிலுவையையும், தம் ஈட்டைப் பொதுவில் விட்டுக்கொடுத்த கடனாளர்களையும் ஒரே படியில் வைத்தது. பிற ஊழியரின் 12 மாத ஊதியம் அதன்பின். ஈடில்லாத நிதிக் கடன்கள் அதன்பின். அரசுக்குரிய பாக்கி அதற்கும் பின். பங்குதாரர் இறுதியில் நின்றனர். உரிமையாளராக இருந்து இலாபத்தை முதலில் பெற்றவர், நட்டத்தையும் முதலில் தாங்குவது முறையே. 2019 நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமமானவர்களுக்கே சமநீதி. ஈடு பெற்றவரையும் பெறாதவரையும் ஒன்றாக்கவேண்டியதில்லை. எனினும் அனைவர் நலனும் கருதப்படவேண்டும் என்று கூறியது.

ஒரே படியில் நிற்போர் விகிதப்படி பெறுவர். ரூ. 4 இலட்சம் கடனுக்கு ரூ. 1 இலட்சமே இருந்தால் ரூபாய்க்கு நாலணா. அது இழப்பே, ஆயினும் அதில் அவமதிப்பு இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே நாலணா என்பதால் மனம் ஒருவாறு ஆறுகிறது. தன்னோடு ஒத்தவருக்கு மறைவில் பதினாறணா கிடைத்தது என்று அறியும்போதுதான் இழப்பு அநீதியாகிறது.

நம் முன்னோர் கண்ட குற்றம்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களை வகுத்த நம் ஆசிரியர்கள், ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறினர். தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள், பொய்ப் பத்திரம் எழுதுதலாகிய கூடலேகத்தையும், அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரத்தையும் வைத்தன.

நியாசாபகாரத்துக்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கம் வியக்கத்தக்கது. பொன்னை அடைக்கலமாக வைத்தவர், தாம் வைத்த அளவை மறந்துவிடுகிறார். திரும்ப வந்து, குறைந்த அளவைச் சொல்லிக் கேட்கிறார். வைத்திருப்பவர் "ஆம், அவ்வாறே" என்று இசைந்து அவ்வளவை மட்டும் தருகிறார். அவர் தாமாகப் பொய் ஒன்றும் புனையவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டார். ஆயினும் அந்த "ஆம்" என்னும் ஒரு சொல்லே குற்றம் ஆயிற்று.

பொருளைக் கவர்வது களவன்றோ. அதனைக் கள்ளாமை விரதத்தில் வைக்காமல் வாய்மை விரதத்தில் வைத்ததன் கருத்து யாது? அடைக்கலப் பொருள் ஏற்கனவே காப்பவர் கையில்தான் இருக்கிறது. அதனை எடுக்கப் பூட்டை உடைக்கவேண்டியதில்லை, இரவில் புறப்படவேண்டியதில்லை. உண்மையைச் சொல்லாது விட்டாலே போதும். களவு முழுவதும் சொல்லிலேயே நிகழ்ந்துவிடுகிறது. மேலே நாம் கண்ட வழக்குகளில் குற்றம் நின்ற இடமும் பெரும்பாலும் இதுவே. ஒரே வருவாயை மீண்டும் மீண்டும் விற்றவரும், முன்தேதியிட்டு உறவினருக்கு ஈட்டுப் பத்திரம் எழுதியவரும், கலந்த கணக்கிலிருந்து செலவு செய்தவரும், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதவர்களே.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். வாக்கைக் காக்கும் அறமும் பகிர்ந்துகொள்ளும் அறமும் வாய்மை உள்ள இடத்தில் ஒன்றையொன்று அழிப்பதில்லை. வெளிப்படையாகப் பெற்ற ஈடு முதலிடம் பெறுவது நேர்மையே. அதனை அறியவும் விலகவும் பின்னவருக்கு வழி இருந்தது. அறிய வழியில்லாதவராகிய தொழிலாளிக்கு அவ்வரிசையில் தனி இடம் தருவது அதே நேர்மையின் மறுபக்கம். மறைவில் பெற்ற ஈடோ, எத்துணை முத்திரைகள் பெற்றிருப்பினும், முதலிடத்துக்கு உரியதன்று.

நாம் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சில உண்டு. பிறர் பொருட்டு வைத்திருக்கும் பணம், ஒரு நாளேனும் நம் கணக்கில் கலவாதிருக்கட்டும். தந்தையற்ற பிள்ளைகளின் பணமாயினும், ஊர்ச் சங்கத்தின் நிதியாயினும், தனிக் கணக்கும் எழுத்தும் இருந்தால், நமக்கு எத்தீங்கு நேரினும் அது தப்பிவிடும். அறச்சொத்தை ஈடு வைக்க நேர்ந்தால், தேவையும் தீர்மானமும் எழுத்தில் நிற்கட்டும். அதில் தமக்கோ உறவினர்க்கோ ஆதாயம் உள்ளவர் அவ்வமர்வில் வாக்களியாது விலகட்டும். கடன் கேட்கும்போது, முன் உள்ள வில்லங்கத்தைக் கேட்காமலே சொல்லிவிடுவோம். கடன் கொடுக்கும்போது, உறவினர் ஆயினும் விசாரித்துக் கொடுப்போம். விசாரித்தல் அவமதிப்பன்று, பின்வருவோர் எவரும் ஏமாறாமைக்குக் காப்பு.

தொழிலில் வீழ்ச்சி எவர்க்கும் நேரலாம். மழை பொய்க்கும், சந்தை சரியும், நம்பிய கூட்டாளி கைவிடுவார். நொடித்துப்போதல் தன்னளவில் பழியன்று. அந்நிலையிலும் கடன் கொடுத்தவர் அனைவரையும் ஒருங்கே அழைத்து, உள்ளதை உள்ளவாறு காட்டி, "இது உங்களுடையது, இது மட்டும் என் அண்ணன் பிள்ளைகளுடையது" என்று பிரித்துச் சொல்லக்கூடியவர், செல்வத்தை இழந்தாலும் விரதத்தை இழந்தவர் ஆகார். அத்தகைய வாய்மை நம் இல்லங்களில் நிலைபெறுவதாக.